வீதியில்லாத வண்டி

வண்டியும் வழியும் உடன்பிறந்தவை. முதற் சக்கரம் உருண்ட அன்றே அது செல்லும் தடமும் மண்ணிற் பதிந்துவிட்டது. மாட்டு வண்டியாயினும் புகையிரதமாயினும் மோட்டார்க் காராயினும், ஆளையோ பொருளையோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. ஆகவே, எந்த ஊருக்கும் போகாத, எந்த வீதியிலும் செல்ல உரிமையற்ற ஒரு வண்டியைப் பெருஞ் செல்வர்கள் தேடிச்சென்று விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்படும் ஒருவர் முதலில் நகைக்கவே செய்வார். நகைப்பு அடங்கிய பின்னர் எஞ்சும் வினாவோ இலேசானதன்று. கட்டுப்பாடுகள் யாவும் நீக்கப்பெற்ற ஒரு பொருள் எதனைப் பெறுகிறது, எதனை இழக்கிறது என்பதே அவ்வினா.

இத்தாலியின் வடபகுதியிலுள்ள மரனெல்லோ என்னும் சிற்றூர் பெராரி நிறுவனத்தின் இருப்பிடமாகும். அந்நிறுவனம் 2005ஆம் ஆண்டில் எவ்.எக்ஸ்.எக்ஸ். என்ற வண்டியை வெளியிட்டது. நிறுவனரின் பெயர் தாங்கிய என்ஸோ என்னும் கார் அதற்கு அடிப்படையாயிற்று. என்ஸோவின் பன்னிரண்டு உருளை இயந்திரம் ஏறத்தாழ 6 லீற்றர் கொள்ளளவும் 660 குதிரைவலுவும் உடையது. புதிய வண்டியில் கொள்ளளவு 6262 கன சென்ரிமீற்றராகப் பெருக்கப்பட்டது; நிமிடத்துக்கு 8500 சுழற்சிகளில் இயந்திரம் 800 குதிரைவலுவைத் தந்தது. ஏறத்தாழ முப்பது வண்டிகளே செய்யப்பட்டன. ஒன்றின் விலை, வரி நீங்கலாக, 15 இலட்சம் யூரோ. பணம் மட்டும் போதாது. வாங்குவோரை நிறுவனமே தெரிந்தெடுத்தது. இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவர் தம் வண்டியை வீதியிற் செலுத்த முடியாது, ஏனெனில் அது வீதிச் சட்டங்களுக்கு அமைந்ததன்று. பந்தயத்திலும் ஓட்ட முடியாது, ஏனெனில் எந்தப் பந்தய வகுப்பின் விதிகளுக்கும் அது அமைந்ததன்று. வேலியிட்ட பந்தயத்திடல்களில், பெரும்பாலும் நிறுவனம் ஒழுங்குசெய்யும் நாட்களில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பித் திரும்பி வரலாம். அவ்வளவே.

இந்த இருநிலையும் அற்ற தன்மையை விளங்கிக்கொள்வதற்கு, ஒரு சாதாரணக் காரை உற்று நோக்குதல் வேண்டும். அதன் வடிவத்தை வரைபவர் வடிவமைப்பாளர் மட்டுமல்லர். சட்டமும் அவரருகே அமர்ந்து வரைகின்றது. முன்விளக்கு எந்த உயரத்தில் இருக்கவேண்டும், சைகை விளக்கு எந்த நிறத்தில் ஒளிரவேண்டும், புகையில் நஞ்சு எவ்வளவுக்கு மேற்படலாகாது, ஓசை எந்த எல்லைக்குள் அடங்கவேண்டும் என்றெல்லாம் சட்டம் விதிக்கின்றது. ஐரோப்பிய நாடுகளில் காரின் ரயரிலுள்ள வரிப்பள்ளம் 1.6 மில்லிமீற்றரிலும் ஆழங் குறைந்தால் அந்த ரயரோடு வீதிக்கு வருதல் குற்றமாகும். ஓட்டுபவர்க்கு இவை தொல்லையாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு மனித முகம் இருக்கின்றது. தாழ்த்தப்படும் விளக்கு எதிரே வருபவரின் கண்ணுக்காக. ஓசையடக்கி வீதியோரத்து வீட்டில் உறங்கும் குழந்தைக்காக. சைகை விளக்கு பின்னால் வருபவரோடு பேசுவதற்காக. பிறரும் இருக்கிறார்கள் என்ற உண்மை உலோகத்திலும் கண்ணாடியிலும் எழுதப்பட்டிருப்பதே வீதிக் கார் எனலாம்.

பந்தயக் காரும் இவ்வகையில் வேறுபட்டதன்று. அதன் விதிகள் வேறு. ஆனால் அவற்றின் பின்னாலும் பிறர் இருக்கிறார்கள். இயந்திரத்தின் கொள்ளளவுக்கு எல்லை, எடைக்குக் கீழெல்லை, வாற்பகுதிச் செட்டையின் அகலத்துக்கு அளவு என்பனவெல்லாம் போட்டியாளனுக்கு நியாயமான வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பதற்காக ஏற்பட்டவை. எதிராளி இல்லாத இடத்தில் வெற்றி என்ற சொல்லுக்குப் பொருளில்லை. எதிராளி இருக்கவேண்டுமாயின் விதி இருந்தே ஆகவேண்டும்.

ஒரு காலத்தில் இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று தழுவியே இருந்தன. அதே பெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை செய்த 250 ஜீ.ரீ.ஓ. என்னும் கார் இதற்குத் தக்க சான்று. அப்பெயரின் இறுதி எழுத்து, 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்தாகும். அவ்வகுப்பிற் போட்டியிடுவதற்கு நூறு வண்டிகள் செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. செய்யப்பட்டவையோ 36 மாத்திரமே. முன்னைய 250 வகைக் காரின் திருத்திய வடிவமே இது என்று வாதிட்டு நிறுவனம் ஒப்புதல் பெற்றது. விதியை வளைத்தார்கள் என்று குறைகூறலாம். ஆனால் விதியை வளைப்பதற்கும் அதனை மதித்தாக வேண்டியிருந்தது. அந்தக் கார் இலக்கத் தகட்டுடன் வீதியிலும் சென்றது, பந்தயத்திலும் வென்றது. 1990களின் பிற்பகுதியில் இவ்வுறவு தலைகீழாயிற்று. அன்றைய உயர்நிலைப் பந்தய வகுப்பிற் போட்டியிட விரும்பிய மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம், விதிப்படி இருபத்தைந்து வீதிக் கார்கள் வேண்டும் என்பதற்காகவே சி.எல்.கே. ஜீ.ரீ.ஆர். என்ற பந்தயக் காரின் வீதி வடிவத்தைச் செய்து விற்றது. முன்னர் வீதிக்காகப் பிறந்தது பந்தயத்துக்குச் சென்றது. பின்னர் பந்தயத்துக்காகப் பிறந்தது வீதிக்கு வந்தது. எவ்.எக்ஸ்.எக்ஸ். என்ற வண்டியோடு இரண்டினின்றும் விலகிய மூன்றாவது இனம் நிலைபெறத் தொடங்கியது. 2007இல் அறிவிக்கப்பட்ட இத்தாலியப் பகானி நிறுவனத்தின் சொண்டா ஆர், 2009இல் வந்த பெராரி 599 எக்ஸ்.எக்ஸ்., 2015இல் வந்த ஆங்கில அஸ்ரன் மாட்டின் நிறுவனத்தின் வல்கன் என்பன அவ்வினத்தைச் சேர்ந்தவை.

விதியற்ற வெளியொன்று கிடைத்ததும் பொறியியலாளர் என்ன செய்தனர்? இதுவரை எவரும் கண்டிராத ஏதோவொன்றைச் செய்திருப்பர் என்று எதிர்பார்க்கத் தோன்றும். உண்மையிலோ அவர்கள் தாம் ஏற்கனவே அறிந்ததையே மேலும் கூர்மையாக்கினர். ஓடும் காரின் மேலாகவும் கீழாகவும் பாயும் காற்றைக் கொண்டு வண்டியை நிலத்தோடு அழுத்தும் விசை என்ஸோவிலும் பார்க்க நாற்பது வீதம் கூடியது. கியர் மாறும் நேரம் ஒரு செக்கனின் பத்திலொன்றுக்கும் குறைந்தது. 2007இல் வந்த திருத்திய வடிவத்தில் வலு 860 ஆகவும் சுழற்சி 9500 ஆகவும் உயர்ந்தன. 2014இல் அறிமுகமான எவ்.எக்ஸ்.எக்ஸ். கே என்னும் வழித்தோன்றலில் மின்மோட்டாரும் சேர்ந்து 1050 குதிரைவலுவைத் தந்தது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அதனை 540 கிலோகிராம் சுமை ஏற்றியதுபோல் நிலத்தோடு அழுத்தியது. நான்கு சக்கரங்களும் ஒரு சுக்கானும் அப்படியே இருந்தன. சுதந்திரம் புதிய திசையைத் தரவில்லை; பழைய திசையில் மேலுஞ் சிறிது தூரத்தைத் தந்தது.

அச்சிறிது தூரத்துக்கும் விலையுண்டு. இவ்வண்டியின் ரயர் வரிப்பள்ளமற்ற வழவழப்பானது. பள்ளம் மழைநீரை வெளியேற்றுவதற்கே தேவை. உலர்ந்த தரையில், பள்ளமில்லாத ரயர் முழுப் பரப்பாலும் நிலத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அதன் றப்பர் தக்க சூடேறினால் மட்டுமே பற்றும். எனவே வண்டி புறப்படுமுன்னர் ரயர்களுக்கு மின்போர்வை போர்த்திச் சூடேற்றுவதுண்டு. காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். வேகம் பாதியாகக் குறைந்தால் அழுத்தம் காற்பங்காகும். இதன் விளைவு விந்தையானது. அச்சங்கொண்டு மெல்லச் செல்பவனின் ரயர் குளிர்ந்துவிடுகிறது. காற்றும் அவனைக் கைவிடுகிறது. துணிந்து விரைபவனையே வண்டி தாங்குகிறது. நிதானம் என்ற பண்பு வீதியில் உயிரைக் காக்கும். இங்கே அதுவே வழுக்கிவிடக்கூடும்.

ஆகவே உரிமையாளர் தனித்து எதையும் செய்ய இயலாதவராகிறார். அவருடைய ஒரு நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம். வண்டி பாரவூர்தியில் ஏறிப் பந்தயத்திடலுக்கு வந்து சேர்கிறது. அவர் வேறு வாகனத்தில் வருகிறார். இயந்திரத்தை இயக்கி ஆயத்தஞ் செய்ய அறிந்தோர் வேண்டும். ரயர் மாற்ற ஆட்கள் வேண்டும். கணினித் திரையின் முன்னால் அமர்ந்து எண்களைப் பார்க்க ஒருவர் வேண்டும். அவர் தலைக்கவசம் அணிந்து, ஆசனப் பட்டிகளால் இறுகக் கட்டப்பெற்று, கையசைத்ததும் புறப்பட்டு, மீண்டும் கையசைத்ததும் திரும்பி வருகிறார். வல்கனின் செய்தி இன்னும் வெளிப்படையானது. இருபத்துநான்கு மட்டுமே செய்யப்பட்ட அவ்வண்டியில் இயந்திர வலுவைத் தெரிவுசெய்யும் திருகொன்று உண்டு. அதற்கு மூன்று படிகள். ஏறத்தாழ 820 குதிரைவலுவை முழுமையாக விடுவிக்கும் மேற்படிக்குத் திறமை வளர வளரப் படிப்படியாக ஏறுவதே நோக்கம். விலைகொடுத்து வாங்கிய தம் சொந்தப் பொருளின் முன்னால் ஒருவர் மாணவராக நிற்கிறார். இதனை இழிவென்று கூறிவிட முடியாது. செல்வம் எவ்வளவு இருப்பினும் வளைவொன்றைச் சரியாகக் கடக்கும் கலையைக் கடைத்தெருவில் வாங்க இயலாது என்ற பாடத்தை இவ்வண்டி கற்பித்திருக்குமாயின், அது நல்லாசிரியனே.

பிறரை விட்டு ஓடிய வண்டியைப் பிறர் முற்றாக விட்டுவிடவுமில்லை. கலிபோர்னியாவிலுள்ள லகூனா செக்கா என்ற புகழ்பெற்ற பந்தயத்திடலில், ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஓசைக்குக் கண்டிப்பான எல்லை விதிக்கப்பட்டுள்ளது. அளவுகருவி வைத்து ஒலியை அளக்கிறார்கள். எல்லை கடந்த வண்டி வெளியேற வேண்டியதுதான். மதிலுக்கு அப்பாலும் அயலவர் வாழ்கின்றனர் அல்லவா?

இவ்வண்டியின் அநாதைத் தன்மையை உலகறியக் காட்டிய நிகழ்ச்சியொன்று 2009ஆம் ஆண்டில் நடந்தது. ஏழு முறை உலகச் சம்பியன் பட்டம் வென்ற மைக்கேல் சூமாக்கர் 2006இன் இறுதியில் ஓய்வு பெற்றபோது, கறுப்பு நிற எவ்.எக்ஸ்.எக்ஸ். ஒன்றை நிறுவனம் அவருக்கு வழங்கியிருந்தது. அவ்வண்டியோடு அவர் பீ.பீ.சி. தொலைக்காட்சியின் 'ரொப் கியர்' நிகழ்ச்சிக்கு வந்தார். அந்நிகழ்ச்சியில், வெளிவரும் கார்களை ஒரே பாதையில் ஒரு சுற்று ஓட்டி, நேரத்தைப் பலகையில் வரிசைப்படுத்துவது வழக்கம். எவ்.எக்ஸ்.எக்ஸ். எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 10.7 செக்கன், அதுவரை பலகையிலிருந்த எல்லா நேரங்களிலும் குறைந்தது அதுவே. ஆயினும் அந்நேரம் பின்னர் பலகையினின்றும் அகற்றப்பட்டது. வீதியில் ஓட்டத் தகுதியற்ற, வழவழப்பான ரயர் பூட்டிய வண்டிக்கு அப்பலகையில் இடமில்லை என்பதே காரணம். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர் ஓட்டினார். வண்டி எல்லாவற்றையும் வென்றது. ஆனால் அவ்வெற்றியை எழுதிவைக்க நிரல் ஒன்று இருக்கவில்லை. அளவுகோலுக்கு வெளியே நிற்பவனை எவரும் தோற்கடிக்க முடியாது. அதே காரணத்தால் அவன் எவரையும் வென்றதாகவும் ஆகாது.

இத்தகைய வண்டி வெறும் வீண் என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. எவ்.எக்ஸ்.எக்ஸ். வண்டி ஓடும்போது அதன் இயக்கத்தின் 39 கூறுகள் அவ்வப்போதே அளந்து அனுப்பப்பட்டன. வாங்கியோரை வாடிக்கையாளர் என்பதோடு சோதனை ஓட்டுநர் என்றும் நிறுவனம் அழைத்தது. தம் பணத்தைக் கொடுத்துத் தம்மையே ஆய்வுக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள். இவ்வாய்வு விழலுக்கிறைத்த நீராகவுமில்லை. 599 எக்ஸ்.எக்ஸ். வண்டியிற் கற்றவற்றைக் கொண்டு 2010ஆம் ஆண்டில் 599 ஜீ.ரீ.ஓ. என்ற வீதிக் கார் செய்யப்பட்டது. விலக்கப்பட்ட உலகிலிருந்து ஒரு தூதுவன் வீதிக்குத் திரும்பி வந்ததுபோல அது அமைந்தது. மேலும், பயனொன்றையே நோக்காது ஒரு பொருளை அதன் இயல்பின் எல்லைவரை கொண்டுசென்று பார்க்கும் வேட்கை மனிதரின் உயர்ந்த குணங்களுள் ஒன்று. அது இல்லையாயின் இசையுமில்லை, சிற்பமுமில்லை.

எங்கும் போகாத வண்டி தமிழ் மனத்துக்கு அந்நியமானதுமன்று. கோயிற்றேர் ஆளையோ பொருளையோ ஊர் கடத்துவதில்லை. ஆண்டிற் சில நாழிகையே அது உருள்கின்றது. புறப்பட்ட இடத்துக்கே மீள்கின்றது. நிலைக்கு வந்தது என்பதே அதன் பயணத்தின் நிறைவு. பிரேக்குக்குப் பதிலாக முட்டுக்கட்டை. விரைவுக்குப் பதிலாக அசைவு. ஆயினும் அதனை வீணென்று எவரும் சொல்லத் துணியார். ஏனெனில் அதன் வடம் ஊரார் கையில் இருக்கின்றது. அது வருவதற்காகவே வீதி அகலமாக விடப்பட்டிருக்கின்றது. வாசல்தோறும் நிறைகுடம் காத்திருக்கின்றது. பயன் இல்லாமையால் ஒரு வண்டி வெறுமையடைந்துவிடுவதில்லை என்பதைத் தேர் உணர்த்துகின்றது. பிறர் இல்லாமையே வண்டியை வெறுமையாக்குவது. பந்தயத்திடலின் வாயில் அடைபட்டிருக்க, ஆளில்லாத பார்வையாளர் மேடைகளைக் கடந்து அறுபதாவது முறையாகச் சுற்றும் வண்டியில் குறைவது வலுவன்று, வேகமுமன்று.

இதனை அவ்வண்டிகளின் உரிமையாளர் சிலரே உணர்ந்தனர் போலும். அவர்கள் செய்த காரியம் இக்கதையின் மிக வியப்பான பகுதி. ஆங்கில மக்லாரன் நிறுவனம் 2015இல் திடலுக்கென்றே செய்த பீ-1 ஜீ.ரீ.ஆர். வண்டிகளுட் சிலவற்றை, உரிமையாளர் இங்கிலாந்திலுள்ள லான்சான்ரே என்ற நிறுவனத்திடம் கொடுத்து, வீதிக்கு ஏற்றவையாக மாற்றுவித்தனர். வல்கன் ஒன்றும் இவ்வாறே வேறொரு ஆங்கிலப் பொறியியல் நிறுவனத்தால் வீதிக்கேற்ப மாற்றப்பட்டது. விளக்குகள் பொருத்தப்பட்டன, பின்னால் வருபவரைக் காணக் கண்ணாடிகள் பூட்டப்பட்டன, திருப்பத்தை அறிவிக்கச் சைகை விளக்குகள் வந்தன, மேடுபள்ளங்களைத் தாண்டுவதற்காக வண்டியின் உடல் நிலத்தினின்றும் உயர்த்தப்பட்டது. விதிகளிலிருந்து விடுதலை பெறுவதற்காகப் பெருந்தொகை கொடுத்தவர்கள், மீண்டும் அவ்விதிகளுக்குள் புகுவதற்காகப் பின்னும் ஒரு தொகையைக் கொடுத்தனர்.

மாற்றம் பெற்ற வண்டி ஓடுபாதையில் முன்பு காட்டிய வேகத்தை நகர வீதியில் ஒருபோதும் காட்டப்போவதில்லை. அதன் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே அங்கு பயன்படுத்தலாம். சிவப்பு விளக்குக்கு அது நிற்கவேண்டும். பாதசாரிக் கடவையிற் காத்திருக்க வேண்டும். பேருந்தொன்றின் பின்னால் ஊரவேண்டும். ஆனால் அங்கே ஒருவர் கையசைப்பார். ஒரு சிறுவன் ஓடிவந்து பார்ப்பான். முன்னால் செல்பவர் சற்றே ஒதுங்கி வழிவிடுவார். அந்தச் சிறிய கொடுக்கல் வாங்கலுக்காகவே, எண்ணூறு குதிரைகளின் வலுவை அடக்கிக்கொண்ட அந்த வண்டி, தன் பின்புறத்தில் ஒரு சாதாரண இலக்கத் தகட்டை ஏற்றுக்கொண்டது.